புதன்கிழமையின் நான்கு மணி நேரம்

நான் சொல்வது எல்லாம் அப்படியே நடந்ததா என்று எனக்கு உறுதியில்லை. அந்தப் பதினோரு மாதங்களின் காலை நேரங்கள் தெளிவாக இருக்கின்றன. யார் எந்தப் புடவையில் வந்தார்கள், மதியம் யாருடைய டப்பாவில் என்ன இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நடந்தவை மட்டும் தண்ணீர் பட்ட மை மாதிரி பரவிக் கிடக்கின்றன. என்னோடு வேலை செய்த ஷாகிராவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். ஆசீரைக் கேட்டால் இன்னொரு மாதிரி. நாங்கள் யாரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அதுதான் கஷ்டம்.

கோயம்புத்தூரில் கணபதி என்ற பகுதிக்குப் பின்னால், பம்பு மோட்டார்களுக்குக் காயில் என்ற செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றும் பட்டறை ஒன்றில் நாங்கள் வேலை செய்தோம். முதலாளி நாச்சிமுத்து அண்ணனையும் சேர்த்து ஒன்பது பேர். நான் சோதனை மேசையில் இருந்தேன். சுற்றி முடித்த மோட்டாரை ஓடவிட்டு, சூடு பார்த்து, சத்தம் கேட்டு அனுப்புவது என் வேலை. பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு மேசையடியில் உட்கார்ந்துவிடுவேன். "கோதையக்காகிட்ட பேசறதுக்கு மோட்டார்கிட்ட பேசலாம். அதாவது உறுமும்" என்பாள் வசந்தாமணி.

வசந்தாமணிதான் எங்களில் வேகமான கை. நாற்பத்தொரு வயது. கணவன் திருமூர்த்தி சரக்கு வண்டி ஓட்டுகிறவன். சில நாட்களில் அவளைக் கூட்டிப்போக வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வருவான்.

மூடிப்போன ஒரு மில்லிலிருந்து இறக்கி என்ற இயந்திரத்தை வாங்கிவந்தது நாச்சிமுத்து அண்ணன்தான். டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி, அதன் இரண்டு பக்கமும் கைப்பட்டை. அதை மேசையில் வைத்ததும் ஷாகிரா கிட்டே வந்து பார்த்தாள்.

"இதென்னங்கண்ணா, பிரஷர் பாக்கற மிசினுங்களா?"

"பிரஷர ஏத்தறதுக்குத்தான் நீங்கெல்லாம் இருக்கீங்களே. இது எறக்கற மிசினு" என்றார் அண்ணன். "ஒருத்தர் ஒடம்புல இருக்கற அயர்ச்சிய இன்னொருத்தருக்கு மாத்தியுடும். பெரிய மில்லுலயெல்லாம் ரண்டு வருசமா ஓடுதாமா."

"வாங்கிக்கறவிய கதி?"

"அவிய போய்த் தூங்கி எந்திரிச்சாப் போச்சு. அயர்ச்சிங்கறது என்ன, பாலாட்ட. வந்த அன்னிக்கே குடிச்சுப்போட்டா ஒண்ணுமில்ல."

அன்று வசந்தாமணி ஒரு பட்டையையும் அண்ணன் இன்னொரு பட்டையையும் கட்டிக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்து அயர்வு என்று அண்ணன் பொத்தானை அழுத்தினார். இரண்டு நிமிடத்தில் வசந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புகூடக் கொஞ்சம் வடிந்தாற்போல் இருந்தது. அண்ணன் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார்.

"அடேங்கப்பா, இத்தனையவா இத்தனை நாளாச் சொமந்துட்டுத் திரிஞ்ச?" என்று கேட்டார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் மாறியிருந்தது.

பெட்டியோடு ஒரு சிறு புத்தகம் வந்தது. அயர்வு மாற்றுச் சட்டத்தின் விதிகள். கையில் அகப்படும் எதையும் படிக்கிற பழக்கத்தில் அதையும் படித்தேன். ஒரு நாளில் ஒருவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு மறுநாள் கட்டாய ஓய்வு. கொடுத்தவர், வாங்கியவர், எவ்வளவு என்ற மூன்றையும், கைப்பட்டையைக் கழற்றுவதற்கு முன்பே பதிவேட்டில் ஏற்றி இருவரும் விரல் வைக்க வேண்டும். ஏன் முன்பே என்பதற்கும் காரணம் எழுதியிருந்தது. அயர்வு இறங்கும்போது அந்தப் பொழுதின் நினைவும் கொஞ்சம் கூடவே இறங்கிவிடும். கொடுத்தவருக்கே கொடுத்தது மறந்துபோகும். வாங்கியவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு வரி: ஒரே ஒரு ஆள் வேலை செய்யும் இடத்துக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

அந்த வரியை அண்ணனிடம் காட்டினேன்.

"அதெல்லாம் ஐநூறு பேரு வெச்சிருக்கறவனுக்கு எழுதுனது கோதை. நாம ஒம்போது பேரு. ஒரே குடும்பத்தாட்ட இருக்கறோம். ஊட்டுக்குள்ள ஆராச்சும் ரிஜிஸ்டர் போடுவாங்களா?"

எங்களுக்கு வேலைக்கடிதமும் இல்லை, வருகைப் பதிவும் இல்லை. அதுவும் இதே காரணத்தால்தான். நம்ம ஆளுக்கு எதற்குக் கடிதம் என்பார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும் என்றால் அவரே கூட வந்து நிற்பார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். நான் புத்தகத்தை மூடி வைத்தேன். மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

முறை வைத்துக்கொண்டது நாங்களாகத்தான். வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை என்பது சட்டம். எங்களுக்கு எட்டு நாளைக்கு ஒன்று, எட்டுப் பேருக்கும் சுற்றிவர வசதியாக இருக்கும் என்று. நாளை யாருக்கு விடுமுறையோ, இன்று சாயங்காலம் மற்றவர்களின் அயர்வை அவர் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மறுநாள் முழுக்கத் தூங்கிவிட்டு அதற்கடுத்த நாள் வரலாம். வாய்க்காலில் தண்ணீர் முறை வைப்பது மாதிரி என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார். ஆறு நாள் லேசாக வீட்டுக்குப் போனோம். சமைத்தோம், பிள்ளைகளோடு பேசினோம், சினிமாவுக்குப் போனோம். ஏழாவது நாள் வாங்கிக்கொண்டு போய் எட்டாவது நாள் செத்தவர்கள் மாதிரி தூங்கினோம்.

இதில் பெட்டியால்தான் தொந்தரவு இருந்தது. பதிவு ஏற்றாமல் அது வேலை செய்யாது, இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் நின்றும்விடும். ஒவ்வொருவரும் பெயர் சொல்லி, அளவு சொல்லி, விரல் வைத்து, அது பச்சை விளக்குக் காட்டி முடிய அரை மணி ஆகும். ஆறு மணிப் பேருந்து போய்விடும். பெட்டியின் அடியில் பழுது பார்க்கிறவர்களுக்காக ஒரு சோதனை நிலை இருந்தது. அதில் போட்டால் பெட்டி எதையும் கேட்காது, எதையும் வைத்துக்கொள்ளாது, எந்த அளவிலும் நிற்காது. மோட்டார் சோதிக்கிறவளுக்கு இது கண்ணில் படாமல் போகுமா. நான்தான் அதை மாற்றினேன்.

அன்று எல்லோரும் ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தோம். "படிக்கிற பொம்பளன்னா இப்படித்தான் இருக்கோணும்" என்று வசந்தாமணி பேருந்தில் எல்லோரும் கேட்கச் சொன்னாள். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

பத்து மாதம் ஒன்றும் ஆகவில்லை.

பதினோராவது மாதம் கோடை தொடங்கியது. கிணறுகள் இறங்க இறங்க மோட்டார் கேட்டு வண்டிகள் வாசலில் நின்றன. அந்த வாரம் இருநூறு மோட்டார் ஏற்ற வேண்டியிருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் வசந்தாமணியின் முறை. வாங்கிக்கொண்டாள். ஆனால் அண்ணன், "அம்மிணி, நாளைக்கு மட்டும் வந்துரு. லீவ அப்பறம் சேத்தி எடுத்துக்க" என்றார். வந்தாள். செவ்வாய்க்கிழமை ஷாகிராவின் முறை. அவள் நோன்பில் இருந்தாள். "நோம்பு வெச்சுட்டு எத்தன பேருதத் தாங்குவே? குடு இங்க" என்று வசந்தாமணி பட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். புதன்கிழமை என் முறை. வியாழன் காலை எனக்குக் கண்ணில் அறுவை. "கண்ணு ஆப்பரேசனுக்குப் போறவிய தூங்கி வழிஞ்சுட்டா போவாங்க?" என்று அதையும் வசந்தாமணியே வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை ஆசீரின் முறை. அவன் மனைவிக்கு வலி எடுத்திருந்தது. மத்தியானமே ஓடிவிட்டான். அன்றும் வசந்தாமணிதான் வாங்கினாள்.

நான்கு சாயங்காலங்கள். நடுவில் ஒரு நாளும் அவள் தூங்கித் தீர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, சுற்றிக்கொண்டிருந்த காயிலின் மேல் தலையை வைத்தாள் என்று ஷாகிரா சொன்னாள். காபி வந்தபோது எழுப்பினார்கள். எழுந்திருக்கவில்லை.

கண்ணில் கட்டோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போனது சனிக்கிழமை காலை. அயர்வை வெளியே எடுக்கும் இயந்திரம் அந்த ஊரில் அங்கே ஒன்றுதான் இருந்தது. வசந்தாமணியின் மணிக்கட்டிலிருந்து வயர்கள் போயின. முகத்தில் எந்தக் கஷ்டமும் இல்லை. திருமூர்த்தி காலடியில் நின்றிருந்தான்.

டாக்டர் எங்களை வராந்தாவுக்கு அழைத்தார். சின்ன வயதுக்காரர். நிதானமாகப் பேசினார்.

"மொத்தம் நாப்பது மணி நேரம் இருக்கு. அதுல அவங்களோடது ஒம்பது. மிச்சம் முப்பத்தொண்ணு மத்தவங்களோடது. அன்னன்னைக்குத் தூங்கியிருந்தா கரைஞ்சிருக்கும். இப்ப உறைஞ்சுபோச்சு. உறைஞ்சதை அவங்க உடம்பால கரைக்க முடியாது. யார்கிட்ட இருந்து வந்துச்சோ, அவங்க உடம்புதான் ஏத்துக்கும்."

"எங்களுக்கே திருப்பிப் போட்டுருங்க சார், எங்களுதுதான" என்றான் ஆசீர். அவனுக்கு முந்தின நாள் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"போடலாம். மேல இருக்கறதுல இருந்து ஒவ்வொரு அடுக்கா எடுக்கணும். இருபத்தாறு அடுக்கு. ஒவ்வொண்ணும் எவ்வளவுன்னு மிசின் காட்டும். யாரோடதுன்னு காட்டாது. எடுத்தா அந்த நிமிஷமே சேர்க்கணும், கையில வச்சிருக்க முடியாது. ஆள் மாறிடுச்சுன்னா அது சேராம திரும்பி வந்து, கீழ இருக்கற எல்லாத்தையும் ஒரே கட்டியாக்கிடும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பதிவேட்டைக் குடுங்க. அது இருந்தா ஒரு வாரத்துல அவங்க எழுந்து உட்காருவாங்க" என்றார்.

எனக்கு மௌனம் பிடிக்கும். அந்த மௌனத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"பதிவேடு இல்லைங்க" என்றேன்.

"பெட்டியிலயே இருக்குமே?"

"பெட்டியிலயும் இல்லைங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "இன்னும் பதினாலு நாள் இருக்கு, அதுக்குள்ள எடுத்தாகணும். எல்லாரும் உட்கார்ந்து யோசிச்சு எழுதுங்க. தெரியாத இடத்தைக் காலியா விடுங்கம்மா. காலியா இருந்தா நான் அங்க நின்னுடுவேன். நின்னு யோசிக்கலாம். தப்பா எழுதியிருந்தா நிக்க முடியாது."

அன்று மதியம் பட்டறையில் தரையில் உட்கார்ந்தோம். அண்ணன் ஒரு பெரிய தாளை விரித்தார். இருபத்தாறு அடுக்கின் அளவுகளும் மேலிருந்து கீழாக எழுதியிருந்தன. எதிரே பெயர் எழுத வேண்டும். திருமூர்த்தியும் வந்திருந்தான்.

வியாழக்கிழமை ஆறு அடுக்கு. அது எளிதாக இருந்தது. அன்று கொடுத்தவர்கள் ஆறே பேர், ஷாகிராதான் வரிசையாக அழைத்தாள். அவள் நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டி ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு குழப்பம்.

"செவ்வாய்க்கெழமை ஒண்ணரை என்னுதுங்க்கா" என்றாள் ஷாகிரா.

"அது என்னுது" என்றார் அண்ணன். "அன்னிக்கு நான் மேட்டுப்பாளையம் போய்ட்டு வந்து எறக்குனேன்."

"மேட்டுப்பாளையம் போனது திங்கக்கெழமைங்கண்ணா. பலாப்பழம் வாங்கியாந்தீங்க."

"பலாப்பழம் போன மாசம் புள்ள."

"எல்லாத்தையும் எம்பேர்ல எழுதுங்கக்கா" என்றான் ஆசீர். நாசரேத்திலிருந்து வந்தவன். வந்து ஆறு வருடமாகியும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. "நான் தாங்குவேன். எனக்காவத்தான அவிய வாங்குனாவ."

"நீ தாங்குவேங்கறதுக்காக அது உன்னுது ஆயிருமா? கூறுகெட்டவனே. டாக்டர் சொன்னது காதுல உழுந்துதா இல்லியா?" என்றாள் ஷாகிரா. சொல்லிவிட்டு அவளே, "அந்த ரண்டும் என்னுதாத்தான் இருக்கோணும்" என்றாள்.

ஒவ்வொருவரும் சொன்னதைக் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று வர வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு வந்தது. யாரும் ஒளிக்கவில்லை. எல்லோரும் தங்களுடையது என்றார்கள். ஒளித்திருந்தால்கூடக் கண்டுபிடித்திருக்கலாம்.

விட்டுவைத்திருந்த ஏழாவது அடுக்குக்குத் திரும்பி வந்தோம். புதன்கிழமையின் கடைசி அடுக்கு. நான்கு மணி நேரம்.

"நாலா?" என்றார் அண்ணன். "ஒரே மூச்சுல நாலு மணி நேரத்த ஆரு எறக்குனது?"

அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த திருமூர்த்தி நிமிர்ந்தான். "அதத்தானுங்க நானும் கேக்கறேன். ஒரு பொம்பளகிட்ட நாலு மணி நேரத்தக் கொட்டிப்போட்டு எவன் ஊட்டுக்குப் போய்ச் சோறு தின்னான்? வாயத் தொறந்து சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். அவ எந்திரிச்சாப் போதும்."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் அது தானாக இருக்குமோ என்ற பயம்.

நான் யோசித்தேன். அந்தப் புதன்கிழமை அறுபது மோட்டார் சோதித்தேன். அறுவைக்குப் போகிறேன் என்று மறுநாள் வேலையையும் சேர்த்துச் செய்தேன். சாயங்காலம் பட்டையைக் கட்டியது நினைவிருந்தது. வசந்தாமணி என் கன்னத்தைத் தட்டியது நினைவிருந்தது. எவ்வளவு இறக்கினேன் என்பது இல்லை. எப்போது வீட்டுக்குப் போனேன் என்பதும் இல்லை. அதே புதன்கிழமையில் பெயரில்லாமல் இருந்த ஒரு மணி நேர அடுக்கு ஒன்றையும் என்னுடையது என்று சொல்ல இடமிருந்தது.

ஆனால் நான்கு என்னுடையதாக இருந்தால் எல்லாம் பொருந்தியது. பெட்டியைச் சோதனை நிலையில் போட்டவள் நான். எங்கள் எல்லோரிலும் அதிகம் சுமக்க வேண்டியவள் நானாக இருப்பதுதான் நியாயம் என்று பட்டது. நியாயமாகப் பட்டதை நினைவு என்று எடுத்துக்கொண்டேன்.

"அது என்னுது" என்றேன்.

"நெஜமாவாக்கா?" என்றாள் ஷாகிரா.

"ஞாபகம் இருக்குது."

அண்ணன் பெருமூச்சு விட்டார். "கோதை சொன்னாச் செரியாத்தான் இருக்கும். பொஸ்தகம் படிக்கறவளுக்கு மறக்காது." என் பெயரை எழுதினார். தாளில் ஒரு இடமும் காலியாக இல்லை. எனக்கு இப்போதும் அந்தத் தாள்தான் கண்ணுக்குள் நிற்கிறது. டாக்டர் காலியாக விடச் சொன்னதை எங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் செய்யவில்லை. காலியாக விடுவது அவளைக் கைவிடுவது மாதிரி இருந்தது எங்களுக்கு.

திங்கட்கிழமை ஆரம்பித்தார்கள். அன்று மூன்று, மறுநாள் மூன்று. ஒவ்வொருவராகப் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தோம். உறைந்த அயர்வு திரும்பி வருவது ஈர மணல் மூட்டையைத் தோளில் வைப்பது மாதிரி என்று ஷாகிரா சொன்னாள். சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். மூன்றாவது அடுக்கில் வசந்தாமணியின் விரல் அசைந்தது. ஆறாவது எடுத்தபோது கண்ணைத் திறக்காமலே "தண்ணி" என்றாள். திருமூர்த்தி பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தான். அவசரத்தில் டம்ளர் சாய்ந்து தண்ணீர் தலையணையெல்லாம் சிந்தியது. அவனும் நாங்களும் சிரித்தோம்.

புதன்கிழமை காலை நான் படுத்தேன். ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். கையில் கொஞ்சம் குளிர்ச்சி தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. டாக்டர் ஏதோ சொல்லிக்கொண்டே பொத்தான்களை அழுத்தினார். பக்கத்துக் கட்டிலில் வசந்தாமணியின் மூச்சு நீளமாக ஒரு முறை வந்து, பழைய தாளத்துக்குப் போனது. அசைந்துகொண்டிருந்த விரல் நின்றது.

"உங்களோடது இல்லைம்மா" என்றார் டாக்டர். வசந்தாமணியின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இன்னொருக்கா போட்டுப் பாருங்க சார். கை செரியா வெக்கலையாட்ட இருக்குது" என்று நாச்சிமுத்து அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே இருந்த அடுக்குகளெல்லாம் அதற்குள் ஒரே கட்டியாகியிருந்தன.

தொழிலாளர் துறையிலிருந்து தமயந்தி என்ற அலுவலர் வந்தது அதற்கு அடுத்த நாள். ஐம்பது வயதிருக்கும். பட்டறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திருப்பி அடியைப் பார்த்தார். "இதை யார் மாத்தினது?" என்று கேட்டார். "நான்" என்றேன். எழுதிக்கொண்டார்.

"மேடம், நாங்க சின்னப் பட்டற. ஒம்போது பேரு" என்றார் அண்ணன். "இந்தச் சட்டமெல்லாம் எங்களுக்கில்லைன்னு நெனச்சுட்டனுங்க."

"ஒரு ஆள் இருந்தாலும் உண்டுன்னு போட்டிருக்குங்க."

"தெரியுமுங்க. கோதை காட்டுனா. ஆனா நாங்க ஒருத்தருக்கொருத்தர் நம்பிக்கையா..."

"நம்பிக்கை இல்லாததால எழுதச் சொல்லலைங்க. மறந்துடும்னு தெரியும், அதனால எழுதச் சொன்னாங்க. போன வருஷம் ஒரு மில்லுல இதே மாதிரி ஒரு அம்மா. நூத்திப் பத்து மணி நேரம். அந்த முதலாளிக்கு ஆளுங்க பேர்கூடத் தெரியாது, முகத்தைக்கூடப் பாக்க மாட்டார். ஆனா பதிவேடு இருந்துச்சு. ஒம்பதாவது நாள் அந்த அம்மா வீட்டுக்கு நடந்து போனாங்க."

அண்ணன் பெட்டியைத் திருப்பி நிமிர்த்தி வைத்தார். பிறகு மெதுவாக, "அவளை அந்தத் தொழிலாளி வார்டுலயே வெச்சிருக்கோணும்னா வேலைக்கடிதம் கேக்கறாங்க. நான் இப்ப எழுதித் தந்துடறனுங்க. போன வருசத் தேதி போட்டு..." என்றார்.

"வேண்டாங்க. அது இன்னொரு தப்பாகும். அதை வச்சு உள்ளே சேர்த்தாலும் விசாரணையில வெளியே அனுப்பிடுவாங்க."

"அப்ப நான் என்னதானுங்க பண்றது?"

தமயந்திக்கும் அது தெரியவில்லை. தெரியாததை மறைக்கவும் இல்லை. "இன்னைக்குத் தேதியில உண்மையை எழுதிக் குடுங்க. பதினோரு வருஷமா என்கிட்ட வேலை செஞ்சாங்க, கடிதம் குடுக்கலைன்னு. அது உங்களுக்குப் பாதகமா இருக்கும். அவங்களுக்கு உதவுமான்னு சொல்ல முடியாது."

அண்ணன் எழுதினார். அவர் எழுதுவதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

எங்கள் எல்லோருடைய நாடித் துடிப்பின் தடத்தையும், அந்த அடுக்கு திரும்பி வந்தபோது இயந்திரத்தில் பதிந்த தடத்தையும் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த அந்த நான்கு மணி நேரம் யாருடையது என்று விசாரணைக்குத் தெரிய வேண்டும். முடிவு வரப் பத்து நாளாகும் என்றார்கள். தெரிந்தாலும் கட்டியானதை இனிக் கரைக்க வழியில்லை.

பத்தாம் நாள் தமயந்தி ஆஸ்பத்திரிக்கே வந்தார். நானும் ஆசீரும் அங்கே இருந்தோம். வசந்தாமணியைப் பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். திருமூர்த்தி அவள் தலையை வாரிக்கொண்டிருந்தான்.

"ஒன்பது பேர்ல யாரோடதும் இல்லை" என்றார் அலுவலர்.

"பட்டறைல வேற ஆளே இல்லையே மேடம்" என்றான் ஆசீர். "ஒம்பது பேர்தான இருக்கோம்."

தமயந்தி திருமூர்த்தியைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. "புதன்கிழமை சாயங்காலம் நீங்க பட்டறைக்கு வந்தீங்களா?"

"வந்தனுங்க. அவளக் கூட்டிட்டுப் போறதுக்கு."

"அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"மங்களூர் லோடுங்க. ரண்டு நாளாக் கண்ண மூடலீங்க. நேரா வண்டியோட..." அவன் சீப்பைப் பிடித்தபடி நின்றான். "ஆனா எனக்கு அலுப்பே தெரியலீங்க அன்னிக்கு. ஊட்டுக்குப் போய் ரண்டு பேரும் தோசை சுட்டுத் தின்னோம். பக்கத்தூட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். நல்லாத்தான் இருந்தனுங்க நான்."

தமயந்தி சீப்பைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அவ ஒண்ணும் சொல்லலீங்களே" என்றான் திருமூர்த்தி. "எனக்கு அந்த மிசினையே தெரியாதுங்களே. கையில என்னமோ மாட்டி உட்டாளா? ஏனுங்கக்கா, நீங்க பாத்தீங்களா?"

என்னைத்தான் கேட்டான். நான் பார்த்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சாயங்காலம் என்னிடம் இல்லை. பார்த்திருக்கலாம். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று, வசந்தாமணி தன் கணவனுக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்துக் கேலி செய்திருக்கலாம். பதிவு கேட்கிற பெட்டியாக இருந்திருந்தால், இவன் பெயர் இந்தப் பட்டறையில் இல்லை என்று அங்கேயே நின்றிருக்கும். குறைந்தபட்சம் இரண்டு மணி நேரத்திலாவது நின்றிருக்கும். நான் அதை நிற்க முடியாத நிலையில் வைத்திருந்தேன்.

"தெரியலப்பா" என்றேன். முன்பே சொல்லியிருக்க வேண்டிய சொல் அது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. வசந்தாமணி இன்னும் தூங்குகிறாள். வருடத்தில் ஓரிரு தடவை தண்ணீர் கேட்பாள். திருமூர்த்தி வண்டியை விற்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். இரவுக் காவல் வேலை பார்க்கிறான். நாச்சிமுத்து அண்ணன் எட்டு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்தபோது பட்டறை இல்லை. இப்போது தம்பியின் தோட்டத்தில் இருக்கிறார், ஆட்களோடு அதிகம் பேசுவதில்லை. ஷாகிரா ஒரு பெரிய மில்லில் சேர்ந்தாள். ஆசீர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நாசரேத்துக்குப் போனான். மகளுக்கு வசந்தா என்று பெயர் வைத்திருக்கிறான். மற்ற நான்கு பேரும் வெவ்வேறு பட்டறைகளில் இருக்கிறார்கள். அவற்றில் இரண்டில் பதிவேடு இருக்கிறது. சோதனை நிலையை மாற்றியதற்கு எனக்குத் தண்டனை தரவில்லை, நான் கூலிக்கு வேலை செய்தவள் என்பதால். கண் நன்றாகத் தெரிகிறது. வேலைக்குப் போகவில்லை.